கடைக்கு வெளியே நின்றவன்

உக்குவளை ஸ்டேஷன் ரோட்டில் கம்ப்யூட்டர் கேம் கடை திறந்தபோது என் தம்பிக்குப் பதினைந்து வயது. அதுவரை யாரிடமும் பேசவே கூச்சப்படுகிறவன், பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போகத் தொடங்கினான். துப்பாக்கி விளையாட்டு. வீடு வீடாகப் புகுந்து எதிரில் வருகிறவனைச் சுட வேண்டும். பக்கத்து வீட்டுச் சிங்களப் பையனும் கூடப் போவான். தம்பியைவிடக் கொஞ்சம் மூத்தவன். எங்கள் வீட்டிலேயே கிடந்து தமிழ் பழகியவன். விளையாட்டில் இருவரும் ஒரே அணி.

சில மாதங்களில் தம்பி மாறிப்போனான். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுந்தான். ஒரு நாள் எங்கள் சின்னத் தங்கையை முற்றத்தில் முட்டி போட வைத்து, கைகளைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, விளக்குமாற்றுக் கட்டையைப் பிடரியில் அழுத்திக்கொண்டிருந்தான். அவள் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். அவன் கட்டையை எடுக்கவில்லை. அம்மா ஓடிவந்து பிடுங்கினார்.

"போன வாரந்தான ஆமிக்காரங்க அப்பாவ பஸ்ஸுல இருந்து எறக்கி இப்படி முட்டி போட வச்சாங்க. நீயும் பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"இது சும்மா வெளையாட்டும்மா."

அம்மா அடிக்கவில்லை. கட்டையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வருடமே பக்கத்து வீட்டுப் பையன் இராணுவத்தில் சேர்ந்தான். அப்பா இல்லாத வீடு. வேறு வேலையும் அமையவில்லை. முதல் லீவில் வந்தபோது மெலிந்து கறுத்திருந்தான். எங்கள் வீட்டில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தவனிடம் தம்பி ஆசையாகக் கேட்டான்.

"அண்ணே, எத்தன பேர சுட்டீங்க?"

"தெரியாது மல்லி." மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி; அவன் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவான். "யாரையும் பாக்க முடியாது. சத்தம் மட்டுந்தான்."

தம்பிக்கு அந்தப் பதில் போதவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேம் கடைக்குப் போனான்.

கொஞ்ச நேரம் கழித்து நான் பேக்கரியில் பாண் வாங்க அந்தப் பக்கம் போனேன். கடைக்கு வெளியே, இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி பக்கத்து வீட்டுப் பையன் நின்றிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே ஸ்பீக்கரில் வெடிச் சத்தம். தம்பி வாசலில் நின்று மற்றப் பையன்களிடம், "ஆமிக்காரரு பயந்துட்டாருடா" என்று சொல்லிச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

"வீட்டுக்குப் போவோம் அக்கா" என்றான் அவன், காதிலிருந்து கையை எடுக்காமல்.

அவன் மறுபடி லீவில் வரவில்லை. யுத்தம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் சீல் வைத்த சவப்பெட்டி வந்தது. சாவு வீட்டுக்கு அடையாளமாக எங்கள் ஒழுங்கை முழுக்க வெள்ளைக் கொடி கட்டினார்கள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவனுடைய அம்மா மூடியைத் தடவிக்கொண்டே இருந்தார். என் தம்பியைக் கண்டதும் பக்கத்தில் இழுத்து, "இதுக்குள்ள அவன்தானா மகனே?" என்று சிங்களத்தில் கேட்டார். தம்பி கையை விடுவித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

அன்று பின்னேரம் தம்பியைக் காணவில்லை. கேம் கடையில் இருந்தான். விளையாடவில்லை. திரையில் தன் ஆளை வெட்டவெளியில் நிறுத்தியிருந்தான். யாராவது சுடுவார்கள், விழுவான். எழும்பி வந்ததும் மறுபடி அங்கேயே நிறுத்துவான். நான் தோளைத் தொட்டேன். கூப்பிட்டதும் எழுந்து வந்தான். அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கம் போகவில்லை.

இப்போது அவன் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறான். பக்கத்து வீட்டுப் பையனின் நினைவு நாளில் பன்சலையில் பிக்குமாருக்குத் தானம் கொடுக்க, சோற்றுச் சட்டிகளைத் தூக்குவது அவன்தான். அந்த அம்மா ஒவ்வொரு முறையும் அவனிடம் கேட்பார், கடைசியாக வந்தபோது மகன் சந்தோஷமாக இருந்தானா என்று.

"இருந்தாரு அம்மே. ரெண்டு பேரும் கேம் வெளையாடப் போனோமே" என்று தம்பி சொல்வான்.