மூன்றாம் ஓலை

ஆயராகி இத்தனை வருடத்தில் ஓர் ஆராதனையையாவது நிம்மதியாக முடித்திருக்கிறேனா என்றால் இல்லை. ஓசூரில் ஆசீர்வாதம் சொன்ன கையோடு அங்கியைச் சுருட்டிப் பையில் திணித்து, சூளகிரி கிளைச் சபைக்கு வண்டியை விரட்ட வேண்டும். சானமாவுக் காட்டுப் பக்கம் யானை ரோட்டில் இறங்கிவிட்டால் வழியிலேயே நிறுத்திவிடுவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு அஞ்செட்டி வேறு. பிரசங்கம் செய்யும்போதே என் கால் கியரைத் தேடும்.

அதனால் திருமண ஓலையை ஒரே மூச்சில் வாசித்துவிடுவேன். மணமக்கள் பெயரை மூன்று ஞாயிறு சபையில் அறிவித்து, ஆட்சேபனை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று கேட்பது எங்கள் முறை. யாரும் எதுவும் சொன்னதில்லை. வாய் கேட்கும்போதே கை அடுத்த பாட்டைப் புரட்டிவிடும்.

அன்று மூன்றாம் ஓலை. பெண் செல்போன் கம்பெனியில் வேலை பார்ப்பவள், அப்பா சபைக் கமிட்டியில் இருப்பவர். நான் பக்கத்தைப் புரட்டும்போது பெண்கள் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். மணப்பெண்ணேதான்.

"எனக்கு ஆட்சேபனை இருக்குதுங்க ஐயா."

மண்டபம் பிடித்து, பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது. என்னம்மா ஆட்சேபனை என்று கேட்டேன்.

"இந்தக் கல்யாணம் வேணாம்னு வூட்ல சொல்லிட்டேதான் இருக்கேன். யாரும் கேக்கல. நீங்கதான் கேட்டீங்க."

ஐயோ, நான் எங்கே கேட்டேன், வழக்கம்போல் வாய்தானே கேட்டது! ஓலையை நிறுத்திவைப்பதாக அறிவித்தேன். மீதி ஆராதனை எப்படி முடிந்ததோ தெரியாது.

அங்கியைக் கழற்றக்கூட விடாமல் அவள் அப்பா வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். ஆட்சேபனை என்பது வெளியாட்கள் சொல்வது, கல்யாணப் பெண்ணே சொன்னால் செல்லாது, அடுத்த வாரம் மறுபடி வாசியுங்கள், இல்லாவிட்டால் பேராயரிடம் போவேன் என்று குதித்தார். தாராளமாகப் போங்கள், வேண்டாம் என்றவளுக்குத் தாலி எடுத்துக்கொடுக்க என்னால் ஆகாது என்று நானும் கத்திவிட்டேன். மாப்பிள்ளை வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன் என்றார்.

அதற்குள் ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவளுக்கு அன்று செகண்ட் ஷிப்ட். ஐடி கார்டை மாட்டிக்கொண்டே எங்களைத் தாண்டி ஓடினாள், அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் நகரும்வரை அவர் வாய் ஓயவில்லை. பிறகு சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"புள்ள காலையிலருந்து ஒண்ணும் சாப்புடலைங்க ஐயா. அப்படியே போவுது."