லவாலில் நடந்த தற்செயல்

என் மாமாவால் ஒரே நேரத்தில் ஏழு தட்டுகளைத் தூக்க முடியும். இடக்கையில் நான்கு, வலக்கையில் மூன்று. மொன்றியல் நகருக்குள் ஒரு கிரேக்கரின் உணவகத்தில் அவர் பரிமாறுபவராக இருந்தார். கனடாவுக்கு வந்த முதல் வருடம் தட்டுக் கழுவினார், பிறகு மேசைக்கு உயர்ந்தார். பதினொரு வருடத்தில் ஒரு கரண்டிகூடக் கீழே போட்டதில்லை என்று அம்மா வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லுவார். தம்பி என்றால் அம்மாவுக்கு அப்படி ஒரு பெருமை. தம்பிக்கு முப்பத்தாறு வயதாகியும் கலியாணம் ஆகவில்லையே என்ற கவலை அந்தப் பெருமையைவிடப் பெரியது.

நாங்கள் அப்போது பியர்பொன்ட்ஸில் ஒரு சிறிய வீட்டில் இருந்தோம். பேஸ்மென்ற் மாமாவுக்கு. பழைய சோபா, சின்ன ஹீற்றர், பெட்டி போன்ற ஒரு ரீவி, கசெற் போடும் ரெக்கோடர் எல்லாம் அங்கே இருந்தன. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவிலிருந்து வரும் ஓர் அலைவரிசையில் சனிக்கிழமைகளில் இங்கிலாந்து நகைச்சுவைத் தொடர்கள் போகும். மாமா வேலைக்குப் போகுமுன் ரெக்கோடரில் நேரம் குறித்துவிட்டுப் போவார். திங்கள் அவருக்கு விடுமுறை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஹீற்றருக்கு முன்னால் கால் நீட்டிக்கொண்டு இருவரும் பார்ப்போம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு ஆங்கிலம் அரைகுறைதான். ஆனால் ஒருவன் வழுக்கி விழுவதைப் பார்த்துச் சிரிக்க மொழி எதற்கு? இந்த உலகத்தில் உனக்கு எதைத் திருப்பித் தர வேண்டும் என்று யாராவது கேட்டால் அந்தத் திங்கட்கிழமைகளைத்தான் கேட்பேன்.

எனக்கு ஒன்பது வயதான அந்தப் பங்குனியில் ஒரு கதை வந்தது. ஒருவன் முதன்முதலாக ஒரு பெண்ணை உணவகத்துக்கு அழைத்துப் போகிறான். போனதுமே அவளுடைய தொப்பியின்மேல் உட்கார்ந்துவிடுகிறான். கழுத்துப் பட்டி சூப்புக்குள் விழுகிறது. அதைத் துடைக்க மேசைவிரிப்பை இழுக்கிறான், மேசையில் இருந்த அத்தனையும் அவள் மடிக்கு வருகிறது. நான் வயிறு நோகச் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. கசெற்றை மூன்று தடவை திருப்பிப் போட்டு, தொழில்காரனின் கண்ணால் பார்த்தார்.

"இவன் கெட்டிக்காரன்," என்றார். "நல்லா ஏந்தத் தெரிஞ்சவனாலதான் இப்பிடி விழுத்த ஏலும். ஏந்தத் தெரியாதவன்ர கையால ஒண்டுதான் விழும்."

அந்த ரீவிக்கு மேலே அப்போது ஒரு பெண்ணின் புகைப்படம் நின்றது. தரகர் கொடுத்துவிட்டது. அதற்கு முன்பு வந்த மூன்று படங்களையும் மாமா ஒருமுறை பார்த்து, உறைக்குள் போட்டு அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான்காவது மட்டும் திரும்பிப் போகவில்லை. சட்டை நுனியால் அவர் அதில் தூசி துடைப்பதை நான் கண்டேன். போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா உடனே பிள்ளையாருக்கு நூற்றெட்டு மோதகம் நேர்ந்தார். எனக்கும் ஆசைதான். வீட்டுக்கு ஒரு மாமி வந்தால் தலைமுடியை அம்மாவைப்போல இழுத்துப் பின்னமாட்டார் என்று நம்பினேன்.

எங்கள் ஆட்களிடையே பெண் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்றால் பெண்ணின் பெயர் கெட்டுப்போகும். என்ன குறை கண்டார்கள் என்று ஊர் வாய் மெல்லும். அதனால் பார்க்காத மாதிரிப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதற்குக் கோயில் வீதி இருந்தது. மொன்றியலிலும் கோயில் இருந்தது, ஆனால் பெண்ணின் தகப்பன் கோயில் நிர்வாகத்தில் இருந்தவர், அங்கே எல்லாக் கண்களும் அவர்மேல்தான். ஆகவே ஆற்றுக்கு அப்பால் லவாலில் ஒரு கடைத்தொகுதியின் உணவுக்கூடத்தில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திப்பதென்று மூன்று வாரம் தொலைபேசியில் பேசித் திட்டமிட்டார்கள். லவாலுக்கு மெற்றோ வராத காலம் அது. கோயில்காரர் யாரும் இரண்டு பஸ் மாறி அங்கே வரமாட்டார்கள் என்று அம்மா துணிந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக மாமா வேலைக்கு லீவு போட்டார். இரண்டு புதுச் சட்டை வாங்கி, எது நல்லது என்று என்னிடம் கேட்டார். அம்மா காஞ்சிபுரம் சேலைக்கு மேல் குளிர்க் கோட்டும் காலில் பனிச் சப்பாத்துமாக, சும்மா சாமான் வாங்க வந்தவர்போல இறங்கினார். பெண்ணின் தாயும் பட்டுச் சேலையில்தான் சாமான் வாங்க வந்திருந்தார். பொரித்த கோழி விற்கும் கடைக்கு முன்னால் இரண்டு பட்டுச் சேலைகளும் சந்தித்தன.

"அட, நீங்களோ? நினைக்கவேயில்லை," என்றார் அம்மா.

"ஓம், நாங்களும் சும்மாதான் வந்தனாங்கள்," என்றார் மற்றவர்.

பெண்ணின் தகப்பன் சிரிக்கவில்லை. நெற்றி நிறையத் திருநீறு. முட்டைகூடத் தொடாத சைவம். கறுப்பு மயிர்த் தொப்பியைக் கழற்றி மேசையில் மல்லாத்தி வைத்தார். மகள் எந்தக் கேள்விக்கும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டே பதில் சொன்னார். ஒரு கார்டெரியில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை என்றார்கள். படத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தார். மாமாவும் அப்படித்தான் நினைத்தார் என்பது அவர் காது சிவந்ததில் தெரிந்தது.

பெரியவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு எட்டிய தூரத்து மேசையில் மாமாவும் அந்த அக்காவும். நடுவில் வேலிபோல நான். கொஞ்ச நேரத்தில் அக்கா எனக்குக் காசு தந்து, ஐஸ்கிரீம் வாங்கி வரச் சொன்னார். வரிசை நீளம். திரும்பி வந்தபோது இருவரும் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. பகட்டுக்குப் பேசுகிறார்களாக்கும் என்று நினைத்தேன். நான் உட்காரவும் பேச்சு நின்றது. அக்கா தலையைக் குனிந்து "மெர்சி" என்று நன்றி சொன்னார். மாமா அவருக்கு ஒன்றும் கொடுத்ததை நான் காணவில்லை.

மாமா எழுந்தார். தன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்தார். "கவனமாய் வைச்சிரு," என்று சொல்லிவிட்டு, எல்லாருக்கும் ஏதாவது வாங்கி வருவதாகக் கடைகள் பக்கம் போனார். அழகாகத் தெரியத்தான் கண்ணாடியைக் கழற்றுகிறார் என்று எனக்குப் பட்டது.

அவர் திரும்பி வந்த கோலம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. இடது உள்ளங்கையில் தோளுயரத்துக்கு ஒரு பெரிய தட்டம், அதில் தேநீரும் தோடம்பழச் சாறும் நடுவில் ஒரு பெரிய கிண்ணம் பூட்டினும். பொரித்த உருளைக்கிழங்கின் மேல் சீஸ் போட்டு இறைச்சிச் சாறு ஊற்றுவார்களே, அது. பெரியவர்களின் மேசைக்கு வந்தார். என் மாமா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

முதலில் தோடம்பழச் சாறு சரிந்து பெண்ணின் தாயின் கைப்பைக்குள் போனது. மாமா பதறிப்போய்த் தன் கழுத்துச் சால்வையால் துடைத்தார். சால்வையின் மற்ற நுனி தேநீருக்குள் கிடந்தது. அந்த நுனியாலேயே தகப்பனின் கோட்டையும் துடைத்தார். தகப்பன் துள்ளி எழுந்தார். அவரை உட்கார வைக்க மாமா நாற்காலியை இழுத்தார். அங்கே நாற்காலிகள் தரையோடு பூட்டப்பட்டவை. இழுத்த வேகத்தில் மாமாதான் தரையில் இருந்தார். தட்டம் சரிந்தது. பூட்டின் முழுவதும், ஒரு துண்டு சிந்தாமல், மல்லாந்து கிடந்த தொப்பிக்குள் விழுந்தது.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் கோபம் கண்ணை மறைக்கும் என்பார்களே. தகப்பன், "எழும்புங்கோ, போவம்," என்று சொல்லித் தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்தார். திருநீற்றின்மேல் இறைச்சிச் சாறு வழிந்தது. உணவுக்கூடமே சிரித்தது. அக்கா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக் குனிந்திருந்தார், தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றே நினைத்தேன். நானும் அழுதேன்.

காரில் அம்மா சேலைத் தலைப்பைக் கண்ணில் வைத்தபடி வந்தார். கார் ஓட்டிய அப்பா சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். மாமா என்னிடம் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டார். பாலத்தைக் கடக்கும்வரை உறைந்துகிடந்த ஆற்றையே பார்த்தார். அன்று பின்னேரமே ரீவிக்கு மேலிருந்த படம் உறைக்குள் போனது. அடுத்த நாள் தரகர் தொலைபேசியில், பெண் வீட்டார் வேண்டாமென்று விட்டார்கள், மாப்பிள்ளைக்குக் கை நடுங்கிற வருத்தம் ஏதும் இருக்கிறதா என்றும் கேட்டார்கள் என்றார். பயத்தில் வந்த வினை என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

என் அழுகை ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும், "மாமா விழுந்த கதையைச் செய்து காட்டு பிள்ளை," என்பார்கள். ஒரு தட்டத்தை வாங்கிக்கொண்டு நான் நடுவில் இறங்குவேன். சபை உருண்டு சிரிக்கும். மாமாவும் மூலையில் இருந்து சிரிப்பார். "முதல் ஜூஸ், பேந்துதான் தேத்தண்ணி," என்று திருத்துவார்.

தரகரிடமிருந்து பிறகு எந்தப் படமும் வரவில்லை, ரீவிக்கு மேலே ஒன்றும் நிற்கவுமில்லை. மாமா இப்போதும் அம்மா வீட்டின் பேஸ்மென்றில் இருக்கிறார்.

சென்ற வருடம் என் மகளின் கார்டெரியில் ஒரு தமிழ்ப் பெண் புதிதாக வேலைக்கு வந்தார். ஒரு மாலை நான் அழைத்துப்போகச் சென்றபோது மகள் சூப்பைக் கொட்டிவிட்டுத் திருதிருவென்று நின்றாள். எங்கள் வம்சம் அப்படி என்று சொல்லி, வாய் சும்மா இருக்காமல் லவால் கதையை எடுத்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. துடைத்துக்கொண்டிருந்த துணி கையிலேயே நின்றது.

"கண்ணாடியை உங்களிட்டைத்தானே தந்தவர்?" என்று கேட்டார்.

நான் கண்ணாடியைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை.

எனக்கு ஐஸ்கிரீம் காசு தந்த அக்காதான் அவர். அவருக்கு அப்போது வேறொருவரைப் பிடித்திருந்தது. பிற்பாடு அவரையே கட்டினார். தான் வேண்டாமென்றால் தகப்பன் கேட்கமாட்டார், மாமா வேண்டாமென்றால் தன் பெயர் கெடும், தகப்பனின் வாயிலிருந்தே வேண்டாம் வர வேண்டும் என்று நான் ஐஸ்கிரீம் வரிசையில் நின்ற நேரத்தில் மாமாவிடம் சொல்லியிருக்கிறார். மாமா, சரி, பார்ப்போம் என்றாராம். "உங்கட மாமி சுகமோ?" என்று அவர் கேட்டார். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

காருக்குள் வந்து அழுதேன். ஏழு தட்டு தூக்குகிறவர் எப்படி விழுத்துவார் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. அந்த மெர்சி எதற்கென்றும் அன்று தெரியவில்லை. நான் தட்டத்தோடு ஆடிக்காட்டிய அத்தனை வீடுகளிலும் உருண்டு சிரித்தவர்கள், கலியாண வயதில் பெண் வைத்திருந்தவர்கள் என்பதும் ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. மாமாவுக்குத் தெரிந்திருக்கும்.