குறுக்கே கட்டிய கழி

2023 மே மாதம், புதுச்சேரி சாரத்தில், எங்கள் தெருமுனையில் நான் அரிவாள் தூக்கிய கதை இது. பல்லியைக் கண்டாலே அம்மாவைக் கூப்பிடுகிற ஆள் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை மதியம், லாஸ்பேட்டையில் வேலையை முடித்துவிட்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். காலையில் அம்மாவுக்கு லேசாக இருமல் இருந்தது. தெருமுனையில் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டேன். தெருவுக்குக் குறுக்கே சவுக்குக் கழி. ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர்.

கொரோனா வந்த முதல் வருடம், இதே இடத்தில்தான் கழி கட்டித் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். அப்பாவுக்கு மூச்சுத் திணறியபோது ஆம்புலன்ஸ் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. முடிச்சை விரலால் நெம்பி, பல்லால் கடித்துப் பார்த்து, கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைக் கழிக்கு மேலே தூக்கிக் கொடுத்தோம். மறுநாள் போய்விட்டார். அதைப் பற்றி யாராவது கேட்டால் ஏதாவது ஜோக் அடித்து நழுவிவிடுவேன்.

மறுபடி கழியைப் பார்த்த இந்தச் சனிக்கிழமை ஜோக்கும் வரவில்லை, மூச்சும் வரவில்லை. காதுக்குள் சைரன். அம்மாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். எடுக்கவில்லை. பக்கத்து இளநீர் வண்டியிலிருந்த அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

"யோவ், அருவாள குட்த்துட்டுப் போய்யா!" இளநீர்க்காரர் பின்னாலேயே ஓடி வந்தார்.

இரண்டே வெட்டு. கயிறு அறுந்து கழி சாய்ந்தது. மேலிருந்து ஒரு குரல்:

"யோவ்! மேல ஆளு இருக்கேன்யா!"

ஏணியோடு ஒருவர் விழுந்தார். அவர் மேல் துணி சரிந்து மூடியது. அசைவே இல்லை. கொன்றேவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதுதான் துணியில் இருந்த ஜிகினா கண்ணில் பட்டது. முனைவீட்டுச் சிறுமிக்கு மறுநாள் சர்ச்சில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழா. நான் வெட்டியது அந்த விருந்துக்குப் போட்ட பந்தல்!

நல்லவேளை, துணிக்குள்ளிருந்து பந்தல்காரர் எழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு. "இன்னாய்யா, பைத்தியமா நீ?"

"எங்கம்மா உள்ள மாட்டிக்கிச்சி! ஆம்புலன்ஸ் எப்டி வரும்?" என்று நான் இன்னும் கத்திக்கொண்டிருந்தேன்.

பூண்டு உரித்த கையோடு முனைவீட்டிலிருந்து அம்மா ஓடி வந்தார். "டேய், நா இங்கதான்டா இருக்கேன். போனு வூட்ல கெடக்குது. ஏன்டா மானத்த வாங்கற?"

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நாற்பத்தொரு வயது ஆம்பளை, மடியில் ஜிகினாத் துணியோடு. தெருவே வேடிக்கை பார்த்தது.

பந்தல்காரர் அடிக்கத்தான் வருகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் பக்கத்தில் குந்தி, "அப்ப, கொரோனாவுல, யாரு சார்?" என்று கேட்டார்.

"அப்பா."

சாய்ந்து கிடந்த கழியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்ப இங்க கட்னது நான்தான் சார். கல்யாணமே இல்லாத வருசம். தெருவ அடைக்கிற வேலதான் கெடச்சிது. அவுக்க வராத மாதிரி கட்டச் சொன்னாங்க, கட்னேன். இப்பவும் குறுக்க கழி போடறப்ப கை நடுங்குது. கூட வேல செய்றவங்க கிண்டல் பண்றாங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் கழியைத் தூக்கப் போனார். எழுந்து போய்க் கழியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை ஒரு ஆம்புலன்ஸ் நுழையும் அகலத்துக்கு வழி விட்டுக் கட்டினார். நான் கேட்கவில்லை, அவராகவேதான்.

"இனிமே சாருக்கு எளநி தூரத்துலருந்துதான்" என்று சொல்லி அரிவாளை வாங்கிக்கொண்டு போனார் இளநீர்க்காரர்.

அடுத்த வாரம் மனநல மருத்துவரிடம் போனேன். ஆபத்து விலகிய பிறகும் மனசும் உடம்பும் அந்த நாளிலேயே நின்றுவிடுவது உண்டாம். கொரோனாவுக்குப் பிறகு நிறைய பேர் இப்படி வருகிறார்களாம். பந்தல்காரரையும் ஒருநாள் கூட்டிப் போனேன்.

இப்போதெல்லாம் யாராவது காரணமே இல்லாமல் பதறினால், "இப்ப என்ன ஆச்சு?" என்று கேட்க வாய் வருவதில்லை, "அப்ப என்ன ஆச்சு?" என்றுதான் கேட்கிறேன்.