ஞானபாக்கியம் நின்ற ஓரம்

ஞானபாக்கியம் பெரியம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. இலஞ்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வேதக்கோயிலை முப்பத்தொரு வருஷமாகப் பெருக்கித் துடைப்பவர். கல்யாணமான ஒரே வருஷத்தில் புருஷன் கேரளாவுக்கு மரம் அறுக்கப் போய்த் திரும்பவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், "போறவனப் புடிச்சா வைக்க முடியும்?" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார். யாரிடமும் எதையும் கேட்டதில்லை. என்னிடம் மட்டும் ஒன்று கேட்டார். அதைத்தான் நான் கெடுத்தேன்.

கோயிலின் நூற்றாண்டு மலர், தென்காசியில் நான் வேலை பார்க்கும் டிடிபி கடைக்கு வந்தது. ஊர்க்காரர்கள் பழைய போட்டோக்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். பெரியம்மாவும் பைபிளுக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தொண்ணூற்றாறில், அசனப் பண்டிகையன்று ஊருக்கே சோறு போட்டு முடித்தபின் பெண்கள் வரிசையாக நின்று எடுத்த படம்.

"ஆதார்ல கெடக்கது பொணம் மாதிரி இருக்கு. நா மனுசியா இருக்கது இது ஒண்ணுலதான். புஸ்தகத்துல வருவேம்லா?"

"கட்டாயம் வருவீங்க பெரியம்மா" என்றேன்.

மொத்தம் முந்நூற்று நாற்பது படம். ஸ்கேன் செய்தால் ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளை ஓரம் விழும். உட்கார்ந்து கையால் வெட்ட எனக்குப் பொறுமை இல்லை. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்த திமிர் வேறு. பைதானில் இருபது வரி எழுதினேன். ஓரத்திலிருந்து உள்ளே வரும். வெள்ளையாக இருக்கும்வரை வெட்டும். நிறம் தட்டுப்பட்டால் நிற்கும். முதலில் சரியாக வெட்டவில்லை. பழைய படங்கள் அல்லவா, ஓரமெல்லாம் பூஞ்சைப் புள்ளியும் தூசியும். கொஞ்சமாகக் கறுப்பு இருந்தால் அழுக்கென்று அதையும் சேர்த்து வெட்டிவிடு என்று இன்னொரு வரி சேர்த்தேன். பன்னிரண்டு நொடியில் எல்லாம் முடிந்தது. கடை முழுக்கப் பெருமையடித்தேன். ஒரு படத்தைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

மலர் வெளியான மறுநாள் கமிட்டிச் செயலாளர் ஜெபஸ்டின் அண்ணாச்சியிடமிருந்து போன்.

"ஏட்டி ஷாரோன், என்ன வேல பாத்திருக்கே? எமிமாள் டீச்சர் படத்துக்குக் கீழ ஞானபாக்கியம்னு கெடக்கு. கோயில் பெருக்குதவ பேரா எம் பொண்டாட்டிக்கு?"

புத்தகத்தைப் புரட்டினேன். படத்துக்குக் கீழே இடமிருந்து வலமாக ஒன்பது பெயர். படத்தில் எட்டுப் பேர். அசல் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். எல்லாரும் பட்டில் நிற்க, இடது ஓரத்தில் சற்றுத் தள்ளி வெள்ளைப் புடவையில் பெரியம்மா. பின்னால் சுண்ணாம்புச் சுவர், கீழே வெயிலில் வெளுத்த தரை, மிளகளவு முகம். அந்த முகத்தை அழுக்கென்று எடுத்துக்கொண்டு அவரையே வெட்டியிருந்தது புரோகிராம். அதை அப்படிச் செய்யச் சொன்னவள் நான்.

அண்ணாச்சி வீட்டுக்கு ஓடிப்போய் மிஷின் வெட்டிவிட்டது என்று டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். பெரியம்மா வீடு அதே தெருவின் கடைசிதான். அங்கே போகவில்லை. எந்த முகத்தோடு போவது? அறுநூறு பிரதியையும் மறுபடி அச்சடிக்க முடியாது, பெயர்களின் மேல் ஒட்ட ஒரு சீட்டு அடி என்றார் அண்ணாச்சி. அடித்தேன். எட்டு முகத்துக்கு எட்டுப் பெயர். ஞானபாக்கியம் என்ற பெயரை என் கையாலேயே அழித்தேன்.

சனிக்கிழமை கோயிலில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தேன். வெளியே சாரல். பெரியம்மா வந்தார். நான் கூப்பிடாமலே எதிரில் உட்கார்ந்து பசையை இழுத்துக்கொண்டார். வாசிக்கத் தெரிந்தவர். தன் பெயரின் மேல் சீட்டை வைத்து, சுருக்கம் விழாமல் விரலால் தேய்த்தார். ஐம்பது புத்தகம் ஆயிற்று. வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. தப்பு என்னுடையது என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பேசினார்.

"அன்னைக்கே போட்டோக்காரரு நெருங்கி நில்லுன்னாரு பிள்ள. சோறு வடிச்ச சேலையாச்சே, கஞ்சி அவுக பட்டுல ஒட்டிரக் கூடாதேன்னு நாந்தான் தள்ளி நின்னேன். மிஷினு என்ன செய்யும்? எந் தப்புதான், என்ன?"

"ஆமா பெரியம்மா" என்றேன்.