கண்ணைப் படிக்கும் ஆனந்தராஜ்

எங்கள் ஜவுளிக்கடை ஃப்ளோர் மேனேஜர் ஆனந்தராஜுக்கு ஒரு கர்வம் உண்டு. ஆளின் கண் போகிற போக்கை வைத்தே திருடனா யோக்கியனா என்று சொல்லிவிடுவாராம். கேமரா அறையில் உட்கார்ந்துகொண்டு, துணியைப் பார்ப்பவர்கள் எல்லாம் நல்லவர்கள், சுற்றுமுற்றும் பார்ப்பவர்கள் எல்லாம் களவாணிகள் என்று தீர்ப்பு சொல்வார். யூடியூபில் கற்ற வித்தை. பட்டுப் பிரிவில் நிற்கும் எனக்கு அதைக் கேட்டுக் கேட்டே காது புளித்துவிட்டது.

போன ஆவணியில் ஜெகதாப்பட்டினத்திலிருந்து சந்தனமேரி அம்மா வந்தார். ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். மகனுக்குப் பேசி முடித்த ஷெரினுக்குக் கல்யாணப் பட்டு எடுக்க வேண்டும். ஷெரினும் அவள் அம்மாவும் ஆவூரிலிருந்து வந்து கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அரக்குப் பட்டு ஒன்றை நான் விரித்ததும் சந்தனமேரியின் கை அதன்மேல் போய் நின்றது. கண் மட்டும் அதில் நிற்கவில்லை. பக்கத்திலிருந்த பச்சையையும் வாசலையும் மேலே இருந்த கேமராவையும் சுற்றிச் சுற்றி வந்தது.

ஆனந்தராஜ் மாடியிலிருந்து பாய்ந்து வந்தார். "பையக் காட்டுங்கம்மா" என்று பிடுங்கி மேஜையில் கொட்டினார். ஒரு ஜெபமாலை, பஸ் டிக்கெட், வெற்றிலை. சம்பந்தி முன்னால் அந்த அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

"எடுக்கப்போற மீன யாராச்சும் உத்துப் பாப்பாங்களா தம்பி? பாத்தா எதிராளி வெலைய ஏத்திவிட்ருவான். வேணாங்கிறதத்தான் நேரா பாப்போம். ஏலத்துல வந்த பழக்கம்" என்றார்.

ஆனந்தராஜ் அதைக் காதில் வாங்கவே இல்லை. அப்போதும் அந்த அம்மாவின் கண்ணைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். எனக்கு அப்படியே அறையலாம் போல இருந்தது.

ஷெரினின் அம்மா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். ஷெரின்தான் எல்லாவற்றையும் பைக்குள் அள்ளிப் போட்டு, "எந்திரிங்கத்தே, வேற கடைக்குப் போவோம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

விஷயம் தெரிந்ததும் முதலாளி வெலவெலத்துவிட்டார். கடற்கரை ஊர்க் கல்யாணங்கள்தான் எங்கள் பட்டுப் பிரிவுக்குச் சோறு போடுகின்றன. "அந்தம்மா இங்க வந்து சேலை எடுக்கணும். இல்லாட்டி நீ கடைப்பக்கமே வராத" என்று ஆனந்தராஜை அனுப்பினார்.

மறுநாள் மதியம் ஆள் பூரித்துப்போய்த் திரும்பி, நேரே என்னிடம் வந்தார்.

"ஏலத்துலயே போய்ப் பாத்தேன் மணிமேகலை. மன்னிச்சிருங்கம்மா, கடைக்கு வாங்கன்னேன். ஒரு வார்த்தை பேசல. ஆனா அத்தன மீனு கெடக்கு, அதையெல்லாம் விட்டுட்டுக் கண்ண எடுக்காம என்னையவே நேரா பாத்தாங்க! மனசுல கோவமிருந்தா அப்படிப் பாக்க முடியுமா? கட்டாயம் வருவாங்க."

முதலாளியிடமும் அதையே சொல்லிவிட்டு, அரக்குப் பட்டைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். அவர் மாடியேறியதும் அதை எடுத்து, அடுத்து வந்தவர்களுக்கு விரித்துவிட்டேன்.