மாப்பிள்ளையின் கணக்கை விசாரிக்க வந்தவர்

1. முதல் கையெழுத்து

வங்கியில் சேர்ந்த அன்று என்னிடம் முதலில் வாங்கிய கையெழுத்து, வாடிக்கையாளர் விவரம் எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்ற உறுதிமொழிக்கானது. படித்துக்கூடப் பார்க்காமல் போட்டேன். வாயை மூடிக்கொண்டிருப்பது என்ன பெரிய வேலை என்று நினைப்பு. பணிக்காலம் முழுக்க என்னை அதிகம் களைக்க வைத்தது அந்த வேலைதான். கேஷ் டாலி ஆகாத நாள்கூட அவ்வளவு அலுப்புத் தந்ததில்லை.

எங்கள் பம்மல் கிளையின் ஹால் சின்னது. ஒருவர் பாஸ்புக்கை நீட்டினால் பின்னால் நிற்பவர் எட்டிப் பார்ப்பார். காது மந்தமான பென்ஷன்காரர் ஒருவர், "எவ்ளோ கீது?" என்று கத்துவார். ஊர் கேட்க வேண்டாமே என்று ஒரு சீட்டில் எழுதி நீட்டுவேன். "கண்ணாடி எடுத்தாரல, நீயே படிச்சி சொல்லும்மா" என்பார். அப்புறம் நானும் கத்துவேன், ஹால் முழுக்கக் கேட்கும்.

அதையாவது சிரித்துக்கொண்டு விட்டுவிடலாம். கல்யாண விசாரிப்பு அப்படியல்ல. மாப்பிள்ளையைப் பற்றி அவர் வேலை பார்க்கும் இடத்தில் கேட்பார்கள், தெருமுனைக் கடையில் கேட்பார்கள், கடைசியில் எங்களிடம் வருவார்கள். எல்லோரும் தெரிந்தவர்கள்தான். எல்லோருக்கும் வேண்டியது "சும்மா ஒரே ஒரு வார்த்தை". சொல்லக் கூடாது என்றால், நாம் ஏதோ அவர்கள் சொத்தைக் கேட்டதுபோல முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள்.

2. ஏகாம்பரம் போட்ட கண்டிஷன்

ஏகாம்பரம் எங்கள் கிளைக் கட்டடத்தின் ஓனர். ஒரு காலத்தில் நெல் போட்ட குடும்பம், இப்போது வாடகை வாங்கும் குடும்பம். நல்ல மனிதர், ஆனால் கிளையையும் தன் வீட்டின் இன்னொரு அறையாகவே நினைப்பவர். அவருடைய மூத்த பெண்ணுக்குப் பொழிச்சலூரில் ஒரு வரன் வந்திருந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது, போட்டோவும் பிடித்துவிட்டது, பெண் பார்க்க வருவதுதான் பாக்கி. பையன் ஏ.சி. சர்வீஸ் கடை வைத்திருந்தார், கணக்கு எங்கள் கிளையில்.

அந்தப் பையனை இங்கே பிரபு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருடைய பெயரையும் தொழிலையும் மாற்றியிருக்கிறேன். பிரபுவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள், அந்தக் கையெழுத்திலிருந்து கொடுக்கவில்லை.

ஏகாம்பரம் என் சீட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மேடம், எவ்ளோ வெச்சிகிறான்னு கேக்கல. கடன் கிடன் கீதான்னு மட்டும் சொல்லுங்க. பொண்ணோட வாழ்க்க."

"சார், அதச் சொல்லக் கூடாது."

"உங்களுக்கும் பொண்ணு கீது இல்ல?"

"இருக்கு சார். அதுக்காகச் சொல்ல முடியாது."

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி, நீங்க வாயத் தொறக்க வேணாம். கடன் இருந்தா லேசா தலைய ஆட்டுங்க. இல்லன்னா அப்டியே உக்காந்துகினு இருங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

பிரபுவின் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு ரூபாய் கடன் கிடையாது. அப்படியே உட்கார்ந்திருந்தாலே போதும், அவருக்கு விடை கிடைத்துவிடும். அதுதான் எனக்குச் சிக்கலாகப்பட்டது. நல்லதோ கெட்டதோ, சொல்வது சொல்வதுதானே. அவர் போட்ட கண்டிஷனுக்குள் உட்காரக் கூடாது என்று தோன்றியதும், "கேஷ்ல கூப்பிடுறாங்க சார்" என்று எழுந்து உள்ளே போய்விட்டேன்.

ரொம்பச் சாமர்த்தியமாகத் தப்பித்துவிட்டதாக நினைப்பு. முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது ஏகாம்பரம் இல்லை. மேனேஜர்தான் நின்றிருந்தார். "ஓனராச்சே மேடம், பக்குவமா பேசி அனுப்பக் கூடாதா? லீஸ் வேற புதுப்பிக்கணும்" என்றார். அவர் கவலை அவருக்கு.

3. பிரபு வந்தார்

சில வாரங்கள் கழித்து, மதியக் கூட்டம் குறைந்த நேரத்தில் பிரபு என்னிடம் வந்தார். சட்டையில் கிரீஸ் கறை. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"மேடம், எனக்கு கடன் எதனா இருக்கா?"

"உங்களுக்கா? இல்லையே."

"பேங்க்லயே விசாரிச்சிட்டாங்களாம். கேட்டதும் ஆபீசரம்மா பதில் சொல்லாம எழுந்து போய்ட்டாங்களாம். பையன் கழுத்து வரைக்கும் கடன்ல இருக்கான்னு தரகர் சொல்லிக்கினு திரியறாரு. அடுத்து வந்த இடமும் போச்சு. எங்கம்மாவே தினம் கேக்குறாங்க, எங்கடா கடன் வாங்கி வெச்சிருக்கேன்னு."

நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஏகாம்பரம் சார்கிட்ட நானா போய்ச் சொல்ல முடியாது. ஆனா நீங்க எழுதிக் குடுத்தா கடன் எதுவும் இல்லைன்னு சீல் வெச்சு லெட்டர் தரேன். ஸ்டேட்மெண்ட்டும் தரேன். உங்க கணக்கு, நீங்க யார்கிட்ட வேணா காட்டலாம்."

"ஸ்டேட்மெண்ட் வேணாம் மேடம்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. மாதாமாதம் அவர் ஒரு பெண்ணின் பெயருக்குப் பணம் அனுப்புவது எனக்குத் தெரியும், அனுப்புவதே என் சீட்டிலிருந்துதான். போனில் அனுப்பத் தெரியாதவர் அல்ல. அந்தப் போன் வீட்டில் எல்லோர் கையிலும் கிடக்கும் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

அவராகவே சொன்னார். "அது எனக்குத் தங்கச்சி மேடம். எங்கப்பாவுக்கு பெருங்களத்தூர் பக்கம் இன்னொரு குடும்பம் இருந்துச்சு. சாகறப்ப என்கிட்ட மட்டும் சொன்னாரு. அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டாங்க."

"அப்ப லெட்டர் மட்டும் தரேன். அதுல கடன் இல்லைன்னுதான் இருக்கும். வேற எதுவும் இருக்காது."

"லெட்டரக் காட்டுனா, இவ்ளோ தூரம் வந்துட்டே, மொத்தத்தையும் காட்டேன்னு கேப்பாங்க. காட்டலன்னா அதுக்கு ஒரு கத கட்டுவாங்க." எழுந்துகொண்டார். "கடன்காரன்னு நெனச்சிக்கினு போவட்டும் மேடம். வுடுங்க."

லெட்டர் வாங்காமலே போய்விட்டார். அன்று மாலை ஷேர் ஆட்டோவில் மூன்று பேருக்கு நடுவே நசுங்கிக்கொண்டு வந்தபோது அழுகை வந்தது. விதிப்படி நான் செய்ததில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஒரு பிள்ளை தலை குனிந்து போயிருக்கிறான். யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டுக்காரரிடம்கூடச் சொல்ல முடியாத சங்கதி. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

4. பத்திரிகை

ஏகாம்பரத்தின் பெண்ணுக்கு வேறு இடம் அமைந்தது. கிளையில் எல்லோருக்கும் பத்திரிகை வைக்க வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே பத்திரிகை. என்னிடம் மட்டும் நின்று பேசினார், ஹால் பூராவும் கேட்கிற குரலில்.

"அன்னிக்கு மட்டும் நீங்க எழுந்து போவலன்னா என் பொண்ணு கதி இன்னா ஆயிருக்கும் மேடம். குடும்பத்தோட வரணும்."

"சார், நான் எதுவுமே சொல்லல."

"தெரியும் மேடம். நீங்க எங்க சொன்னீங்க?" என்று கண்ணைச் சிமிட்டிச் சிரித்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால், கடைசி வரிசை நாற்காலியில் டோக்கனோடு பிரபு உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பையனுக்கு ஒரு பைசா கடன் கிடையாது என்று போட்டு உடைத்துவிடுவோம், வேலை போனால் போகட்டும் என்று வாயெடுத்துவிட்டேன். பிரபு என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

தட்டை வாங்கிக்கொண்டேன். "நல்லா இருக்கட்டும் சார்" என்றேன்.

ஏகாம்பரம் அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார். டோக்கன் மாறியது. பிரபு வந்து, வழக்கமான அந்தப் பெயருக்கான சலானை வைத்தார்.

"இந்த மாசம் கொஞ்சம் கூடப் போட்டிருக்கேன் மேடம். பாப்பா காலேஜ் சேர்றா" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். கணக்கைப் பற்றி யாராவது விசாரிக்க வந்தால் கண்டிஷன் போடும்வரை காத்திருக்காதீர்கள். கேள்வி முடியும் முன்பே சொல்லிவிடுங்கள்: "நல்ல கணக்கா இருந்தாலும் சொல்ல மாட்டோம், மோசமா இருந்தாலும் சொல்ல மாட்டோம்." எழுந்து போகாதீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே, யார் வந்து கேட்டாலும் அதே குரலில் சொல்லுங்கள். கட்டட ஓனர் கோபித்துக்கொள்வார், மேனேஜர் முணுமுணுப்பார், சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அதெல்லாம் சரியாகிவிடும். நான் அந்த ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொள்வதற்குள் ஒரு பையனின் கல்யாணம் நின்றுபோனது.