செம்பருத்திக்கு அறுபத்துமூன்று லேயர்

கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற அம்மாளுக்கு லேயரக்கா என்று பெயர் வைத்தவர்கள் அங்கிருந்த நர்சுகள்தான். வாயைத் திறந்தால் லேயர், லேயர் என்றால் பிறகு என்ன பெயர் வைப்பார்கள்? கம்ப்யூட்டரில் ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தைக் கண்ணாடித் தாள் மாதிரி அடுக்கிக்கொண்டே போவதுதான் லேயர். இதைக் கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கி, தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் அவளுக்கு மிச்சம்.

அவள் எடுப்பது பூப்படம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சாப்பாட்டு மேசையில் கறுப்புத் துணி விரித்து ஒரு செம்பருத்தியை நிறுத்திவிடுவாள். காற்றில் இதழ் ஆடக்கூடாது என்பதால் ஃபேனை அணைத்துவிடுவாள். ஜன்னலும் சாத்தியிருக்கும். ரிட்டயரான பஸ் டிரைவரான அவள் கணவர் பனியன் நனைய ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார்.

“ஏம்மா, ஒரு நிமிஷம் ஃபேன் போட்டுக்கட்டுமா?”

“மூச்சைக் கூட மெதுவா விடுங்கன்னு சொல்லிட்டிருக்கேன், இவருக்கு ஃபேன் வேணுமாம் ஃபேன்!”

அப்படி எடுத்த படத்தை வைத்துக்கொண்டு மூன்று மாதம் உட்கார்ந்தாள். ஒரே பூவை மூன்றாகப் பிரதி எடுத்து, ஒவ்வொன்றையும் மயிரிழை நகர்த்தி வைத்தாள். ஓரங்களைக் கரைத்தாள். சிவப்பில் பால் ஊற்றினாற்போல் வெளுக்க வைத்தாள். இதழ்களைச் சுற்றி மெல்லிய ஒளி வளையம் போட்டாள். மொத்தம் அறுபத்துமூன்று லேயர். முடிந்தபோது அது செடியில் பூத்த பூவாகவே இல்லை, தூக்கத்தில் வந்த பூவாக இருந்தது. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. சந்தோஷமாகக் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“நல்லா இருக்கும்மா. அப்படியே இருக்கு.”

“எப்படியே இருக்கு?”

“செடியில இருக்கிற மாதிரி அப்படியே.”

தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று மாத உழைப்பு! அப்படியே இருக்கக்கூடாது என்பதற்காகத்தானே இடுப்பு ஒடிய உட்கார்ந்தாள்? இந்த மனிதரிடம் போய்க் காட்டினோமே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

எரிச்சலுக்கு இது ஒன்றுதான் காரணம் என்றால் பரவாயில்லை. ஒரு வருஷமாகவே மனிதர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றுவார். சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போடுவார். சர்க்கரை என்று உப்பை அள்ளுவார். “கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்று கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்துவிட்டது. ஒரு நாள் டியூப்லைட்டைச் சுற்றி வளையமாக ஏதோ தெரிகிறது என்றார்.

“ஒட்டடையா இருக்கும். சும்மாதானே இருக்கீங்க, ஸ்டூலைப் போட்டு ஏறித் துடைங்க!”

அவரும் ஏறித் துடைத்தார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை.

இதற்கிடையில் அவளுக்கு ஒரு நல்ல காலம் பிறந்தது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்தவர்களுக்குக் கட்டுப் பிரிக்கிற அறைக்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள். கட்டிலுக்கு எதிர்ச்சுவர் மொட்டையாக இருந்தது. “உங்க பூவை அங்க மாட்டலாமே” என்றார் டாக்டரம்மா. அவ்வளவுதான், லேயரக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எத்தனையோ வருஷமாகப் படம் செய்கிறாள். வேற்று மனிதர் ஒருவர் தன் சுவரில் இடம் கொடுப்பது இதுதான் முதல் தடவை. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, ஆணிக்கு மட்டம் பார்த்து அவளே நின்று மாட்டினாள்.

மறுநாள் காலை முதல் ஆளாக ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியருக்குக் கட்டைப் பிரித்தார்கள். அவர் மெல்லக் கண்ணைத் திறந்தார். எதிரே செம்பருத்தி.

“டாக்டரம்மா! போச்சு! எல்லாம் போச்சு! பூ மூணா தெரியுதே!”

அடுத்த அம்மாள் படத்தைப் பார்த்ததும் ஓவென்று அழவே ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்குக் கட்டுப் பிரித்த பதினொரு பேரில் ஒன்பது பேர் ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டது என்று அலறினார்கள். ஒவ்வொருவரையும் ஜன்னல் பக்கம் திருப்பி, தெருவில் போகிற ஆட்டோவைக் காட்டிச் சமாதானப்படுத்துவதற்குள் நர்சுகளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மேனேஜர் கவுண்டருக்கு ஓடி வந்தார். “அக்கா, அந்தப் பூவைக் கொஞ்சம் கிளியர் பண்ணிக் குடுத்துடுங்க.”

“கிளியராத்தான் சார் இருந்துச்சு. மூணு மாசம் உக்காந்து நான்தான் அதைக் கலைச்சேன்!”

“அதைத்தான் நானும் கேக்கறேன், ஏன் கலைச்சீங்க?”

சனிக்கிழமைக்குள் தெளிவான படம் வரவேண்டும், இல்லையென்றால் சுவரைவிட்டு இறக்கிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார் மேனேஜர். லேயரக்காவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கிடைத்ததே ஒரு சுவர், அதுவும் போகப் போகிறது.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கம்ப்யூட்டரைப் போட்டாள். இடது பக்கம் கேமராவில் எடுத்த தெளிவான பூ. மகரந்தத்தை ஒவ்வொன்றாக எண்ணலாம். வலது பக்கம் அறுபத்துமூன்று லேயர். கணவரை இழுத்து வந்து முன்னால் உட்கார வைத்தாள்.

“நீங்களே சொல்லுங்க. இதுல எது நல்லா இருக்கு?”

அவர் குனிந்தார், நிமிர்ந்தார், கண்ணைக் கசக்கினார்.

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா?”

“ஒண்ணா? ஐயோ, என்னைக் கொல்லாதீங்க! இதுல ஓரத்தைப் பாருங்க, கரைஞ்சு போயிருக்கு. பூ மூணா இருக்கு. சுத்தி வளையம் போட்டிருக்கேன்...”

சொல்லிக்கொண்டே வந்தவள் வளையம் என்ற வார்த்தையில் நின்றுவிட்டாள். பத்தொன்பது வருஷமாகக் கவுண்டரில் ஒவ்வொருவரிடமும் கேட்டு ஃபாரத்தில் நிரப்புகிற நாலாவது கேள்வி அது. தினமும் நூறு பேரிடம் கேட்கிறாள். அதே குரலில், அந்நியரிடம் கேட்பதுபோல், மெதுவாகக் கேட்டாள்.

“விளக்கைப் பாத்தா சுத்தி வளையம் தெரியுதா?”

“அதான் போன வருஷமே சொன்னேனே. நீ ஒட்டடைன்னுட்ட.”

அந்தக் கண்ணோடு அவரை நாலு தடவை ஸ்டூல் மேல் ஏற்றியிருக்கிறாள்.

மறுநாள் முதல் டோக்கன் அவருக்குத்தான். இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. “நீங்க இங்கயே இருந்துக்கிட்டு எப்படிக்கா விட்டீங்க?” என்றும் கேட்டார். வெள்ளிக்கிழமை வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று.

சனிக்கிழமை கட்டுப் பிரிக்கிற அறையில் லேயரக்கா கட்டில் ஓரமாக நின்றாள். படத்தை இறக்கிக்கொண்டு போக மேனேஜர் வாசலில் காத்திருந்தார். தெளிவான படத்தை அவள் கொண்டுவரவில்லை. அது ஞாபகத்திலேயே இல்லை.

கட்டைப் பிரித்ததும் அவர் நேரே சுவரைப் பார்த்தார்.

“என்னம்மா இது, உன் படம் இப்படிக் கலங்கிக் கிடக்கு? தண்ணி கிண்ணி பட்டுடுச்சா?”

“இல்லீங்க. நான் செஞ்சதே அப்படித்தான்.”

அவர் புதுக் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பழைய கண்ணால் அவளைப் பார்த்தார். பிறகு பழைய கண்ணை மூடிப் புதுக் கண்ணால் பார்த்தார். இப்படியே மாற்றி மாற்றி மூன்று தடவை.

“இந்தக் கண்ணுல நீ அந்தப் பூ மாதிரியே இருக்க. இந்தக் கண்ணுல நல்லா நரைச்சிருக்க” என்று சிரித்தார். திரும்பவும் படத்தை உற்றுப் பார்த்தார். “இதுக்கா மூணு மாசம் ஃபேனை அணைச்சுட்டு உக்காந்திருந்த? எனக்கு எப்படித் தெரியுதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

லேயரக்கா மேனேஜரைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுத் தானே ஏறிப் படத்தை இறக்கினாள். “பாத்தும்மா, மெதுவா” என்று கணவர் கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.